எத்தனை அம்மா?

இஸ்ரேலோடு பேச்சுவார்த்தை என்ற சொல்லைக் கேட்டாலே எங்கள் பாலஸ்தீன ஊரான ஹல்ஹூலில் முகத்தைச் சுளிப்பார்கள். அந்த ஊரில் இருந்துகொண்டு, பேச்சுவார்த்தை நடக்க வேண்டும், நடுவில் முறிந்துவிடக் கூடாது என்று மனசார வேண்டிக்கொண்ட ஒரே ஆள் ராகிப். திராட்சை மண்டியில் அவனுக்குச் 'சமாதானத்து மாப்பிள்ளை' என்று பேர்.

"என்ன மாப்பிள்ளை, கல்யாணம் எப்ப? பொண்ணு வீட்டுல சம்மதிச்சாங்களா?" என்று கூடைக்குப் பின்னாலிருந்து யாராவது குரல் கொடுப்பார்கள்.

"தேதி தள்ளிப் போயிருக்கு" என்பான் ராகிப். சிரித்துக்கொண்டே நடந்துவிடுவான்.

உண்மையில் அவனுக்குச் சமாதானத்தின் மேல் ஆசை ஒன்றும் கிடையாது. ஒரு ஆள் வேண்டும் அவனுக்கு. அந்த ஆளைப் பத்துப் பேர் முன்னால், பெரிய மனிதர்கள் முன்னால், நிறுத்தி வைத்துப் பேச வேண்டும். அந்த ஆளோ பேச்சுவார்த்தை மேஜைகளில் மட்டும்தான் அகப்படுவான். மேஜை போட்டால்தான் வேட்டை. அதனால்தான் அந்த வேண்டுதல்.

எண்பத்தெட்டாம் வருஷம், தெருவெல்லாம் கல்லும் டயர்ப் புகையுமாகக் கிடந்த முதல் கிளர்ச்சி. ராகிப்புக்கு இருபது வயசு. கொடிகளுக்குக் கவாத்து வெட்டிக்கொண்டிருந்தவனைச் சிப்பாய்கள் வந்து தோட்டத்திலிருந்தே தூக்கிக்கொண்டு போனார்கள். ராணுவ ஜீப் மேல் யாரோ பெட்ரோல் குண்டு எறிந்திருக்கிறார்கள், அது இவன்தான் என்று சொன்னார்கள். மூத்திர நாற்றமடிக்கும் சாக்கைத் தலையில் கவிழ்த்து, குழந்தைகள் உட்காருகிற அளவுக்குச் சின்ன நாற்காலியில் கைகளைப் பின்னால் கட்டி உட்கார வைத்தார்கள். எத்தனை நாள் போயிற்று என்று அவனுக்குத் தெரியாது. அடித்தார்கள், தூங்க விடவில்லை. அவன் வாயைத் திறக்கவில்லை.

விசாரணை அதிகாரிக்குக் கேப்டன் கரீம் என்று பேர். அவர்கள் எல்லோரும் அப்படித்தான், தங்கள் சொந்தப் பேரை வீட்டில் வைத்துவிட்டு ஒரு அரபுப் பேரை மாட்டிக்கொண்டு வருவார்கள். கேப்டன் கரீமின் அரபி அச்சு அசல் ஹெப்ரோன் அரபி. எங்கள் பக்கத்துப் பேச்சை ஊரெல்லாம் கேலி செய்யும், சொல்லின் வாலைப் பிடித்து இழு இழு என்று இழுக்கிறோம் என்று. ஹெப்ரோன் கிழவர்கள்கூட அப்படி இழுக்க மாட்டார்கள், அவன் அப்படி இழுத்தான்.

ஒரு நாள் மத்தியானம் அவனே வந்து சாக்கை எடுத்தான். ராகிப் கண்ணைச் சுருக்கிப் பார்த்தால், கேப்டனின் கண்கள் சிவந்திருக்கின்றன. கட்டை அவிழ்த்துவிட்டு, சின்னக் கிண்ணத்தில் காபி கொடுத்தான். ராகிப் ஒரு வாய் குடித்தான். சர்க்கரை இல்லாத கசப்புக் காபி. சாவு வீட்டில் கொடுப்பது.

"மனசைத் திடப்படுத்திக்கப்பா ராகிப்" என்றான் கேப்டன். "உங்கம்மா காலையில போயிட்டாங்க. நெஞ்சு வலியாம். அல்லாஹ் உனக்குப் பொறுமையைத் தரட்டும்."

ராகிப் கிண்ணத்தைக் கையில் வைத்துக்கொண்டே ஓவென்று அழுதான். கேப்டன் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து தோளில் கை வைத்தான். "அழு, அழுதுடு. நானும் ஒரு தாய்க்குப் பிறந்தவன்தான். சாயங்காலம் அசர் தொழுகைக்கு அப்புறம் அடக்கம் வச்சிருக்காங்க. என் வண்டியிலயே உன்னைக் கூட்டிட்டுப் போறேன், முகத்தைப் பார்த்துட்டு வந்துடலாம். மேல கேட்டா காட்டறதுக்கு ஒரு கையெழுத்து மட்டும் வேணும்."

அவன் நீட்டிய தாள் ஹீப்ருவில் எழுதியிருந்தது. ராகிப்புக்கு அப்போது ஹீப்ரு ஒரு எழுத்தும் தெரியாது. எங்கே என்று காட்டிய இடத்தில் போட்டான். கேப்டன் அதை வாங்கி மை காய ஊதினான், காபிக் கிண்ணத்தைத் திரும்ப வாங்கிக்கொண்டான், சாக்கைப் பழையபடி கவிழ்த்துவிட்டுப் போனான்.

அந்தத் தாளையே ஒப்புதல் வாக்குமூலமாகக் காட்டி ராணுவக் கோர்ட்டில் விசாரணைக்கு நிறுத்தியபோது, கடைசி பெஞ்சில் அவன் அம்மா ஹில்வா எழுந்து நின்று, தலைத்துணி நுனியை ஆட்டி ஆட்டி, "மகனே ராகிப்! இங்க பாருய்யா!" என்று கத்திக்கொண்டிருந்தாள். அம்மா உயிரோடு இருக்கிறாள் என்ற சந்தோஷத்தில், ஏழு வருஷம் என்று நீதிபதி சொன்னது அவன் காதில் ஏறவே இல்லை.

இத்தோடு போயிருந்தால் அவனும் மற்றவர்களைப் போல மறந்திருப்பானோ என்னவோ. தொண்ணூற்றொன்றில் ஒரு காலை, சிறைக் காவலாளி கம்பிக்கு வெளியே நின்று, "ஏய் ஹல்ஹூல், உங்கம்மா செத்துட்டாளாம்" என்றான்.

ராகிப் சிரித்தான். "அந்தக் காபியை நான் எப்பவோ குடிச்சாச்சு. வேற சரக்கு இருந்தா கொண்டா" என்றான். கூட இருந்தவர்களும் சிரித்தார்கள். அன்றைக்கு முழுக்க அவன் குஷியாக இருந்தான். காவலாளியின் முகம் போன போக்கை நடித்துக்கூடக் காட்டினான்.

அடுத்த முறை பார்வையாளர் நாளில் தங்கை நுஹா மட்டும் வந்தாள். கறுப்பு உடுத்தியிருந்தாள்.

"அம்மா எங்கே?" என்றான்.

"அண்ணே, உனக்குச் சொல்லலையா? சொல்லி அனுப்பினோமே. செஞ்சிலுவைக்காரங்க மூலமாச் சொன்னோமே." வலைக் கம்பியில் விரலைக் கோத்துக்கொண்டு அழுதாள். "அன்னிக்கு நீ என்ன பண்ணினே அண்ணே? உனக்காக யாராவது பாத்திஹா ஓதினாங்களா?"

அம்மாவை மண்ணில் வைத்த நேரத்தில் தான் சிரித்துக்கொண்டிருந்ததை நுஹாவிடம் எப்படிச் சொல்வான்? அழப் பார்த்தான், வரவில்லை. இருந்த அழுகையெல்லாம் கேப்டன் கரீமின் கிண்ணத்தோடு போய்விட்டது. அன்றைக்குத்தான் முடிவு செய்தான். ஏழு வருஷத்தை வேண்டுமானால் அவர்கள் எடுத்துக்கொள்ளட்டும். அம்மாவுக்கு என்று வைத்திருந்த கண்ணீரைப் பொய் சொல்லிக் கறந்தவனை விடக் கூடாது.

சிறையில் பலர் பொழுது போகாமல் ஹீப்ரு கற்றார்கள். ராகிப் வெறியோடு கற்றான். கிழிந்த ஹீப்ருச் செய்தித்தாளை வரி வரியாக மனப்பாடம் செய்தான். கேப்டன் எங்கள் மொழியில் எங்கள் சாவுக் காபியைத் தூக்கிக்கொண்டு வந்தானே, நான் அவன் மொழியில் அவன் வீட்டுக்குள் போகிறேன் என்று உள்ளுக்குள் கறுவிக்கொண்டான்.

இதற்கிடையில் வெளியே உலகம் புரண்டு படுத்திருந்தது. வெள்ளை மாளிகைப் புல்தரையில் இரண்டு தரப்புத் தலைவர்களும் கைகுலுக்கினார்கள், தொலைக்காட்சிகளில் புறா பறந்தது, கைதிகளை விடுவிக்க ஆரம்பித்தார்கள். தண்டனை முடிய ஒரு வருஷத்துக்கு முன்பே ராகிப்பை விட்டுவிட்டார்கள். ஹல்ஹூலுக்கு வந்து அம்மாவின் கபுருக்குப் போனான். நின்றான். கல்லைத் தொட்டான். கண் வறண்டே கிடந்தது.

புதிதாக வந்த பாலஸ்தீன அதிகாரசபைக்கு ஹீப்ரு தெரிந்த ஆட்கள் அவசரமாக வேண்டியிருந்தது. இரண்டு தரப்பு அதிகாரிகளும் சேர்ந்து உட்காருகிற தொடர்பு அலுவலகத்தில் அவனை மொழிபெயர்ப்பாளனாகப் போட்டார்கள். விஸாலைக் கல்யாணம் செய்துகொண்டதும் அப்போதுதான். பள்ளிக்கூட ஆசிரியை. நாக்கில் மிளகாய் தடவினது போலப் பேசுவாள்.

ஹெப்ரோனிலிருந்து ராணுவத்தை எந்தத் தெருவரை பின்வாங்குவது என்று மாதக்கணக்கில் இழுத்த பேச்சு அது. ஒரு நாள் அவர்கள் தரப்பில் புதிய பாதுகாப்பு ஆலோசகர் வந்தார். எல்ஹனான் ப்ரோஷ் என்று அறிமுகம் செய்தார்கள். சாதாரணச் சட்டை, மூக்குக் கண்ணாடி, கொஞ்சம் தொந்தி. அவர் எங்கள் ஆட்களைப் பார்த்து அரபியில் "என்னப்பாஆ, சௌக்கியமாஆ?" என்று இழுத்தார்.

அந்த இழுவையை ராகிப்புக்குத் தெரியும். கேப்டன் கரீம்.

எங்கள் ஆட்கள் மகிழ்ந்துபோனார்கள். "அடேயப்பா, நம்ம ஊர் பேச்சு!" எல்ஹனான் மேஜையைச் சுற்றி வந்து ராகிப்பிடம் ஹீப்ருவில் கேட்டான், "நல்லா பேசறியே, எங்கே கத்துக்கிட்டே?"

"உங்க வீட்டுல விருந்தாளியா இருந்தப்ப" என்றான் ராகிப்.

எல்லோரும் சிரித்தார்கள். எல்ஹனான்தான் அதிகம் சிரித்தான். சிரித்துக்கொண்டே ராகிப்பின் தோளில் தட்டினான். அதே தோள். முகத்தை நேருக்கு நேர் பார்த்தான், அடையாளம் தெரியவில்லை. வாழ்நாள் முழுக்க இவன் நினைத்துக்கொண்டிருந்தவனுக்கு இவனை நினைவே இல்லை. அது அடியைவிட வலித்தது.

வீட்டில் விஸாலிடம் சொன்னபோது அவள் கரண்டியைக் கீழே வைத்துவிட்டாள். "மூஞ்சியில துப்பிட்டு வர வேண்டியதுதானே?"

"துப்பினா துடைச்சுப்பான். எனக்கு வேலை போகும். அங்க இருந்தது எல்லாம் ராணுவக்காரங்க, நமட்டுச் சிரிப்பு சிரிச்சிருப்பாங்க. இவன் இன்னும் மேல போவான் விஸால், பாரு. பேர் வாங்குவான். அந்தப் பேர் மேலதான் எனக்குக் கண்ணு."

சொன்னபடியே எல்ஹனான் மேலே போனான். இரண்டாயிரமாவது ஆண்டு, இறுதித் தீர்வு இதோ வந்துவிட்டது என்று பேச்சு. வெளிநாட்டுத் தூதர்கள், பத்திரிகைக்காரர்கள் எல்லோரும் வரும் ஒரு கூட்டுக் கூட்டத்துக்கு ராகிப்பைப் போட்டிருந்தார்கள். பேச வேண்டியதை மனசுக்குள் ஒத்திகை பார்த்து வைத்திருந்தான். கூட்டத்துக்கு முந்தின வாரம் இரண்டாம் கிளர்ச்சி வெடித்தது. மேஜை போட்டவர்களே காணாமல் போனார்கள். குளிர்காலம் முடிவதற்குள் தொடர்பு அலுவலகத்தின் மேல் பீரங்கிக் குண்டு விழுந்து கூரை பிளந்தது. ஊரில் வீட்டுக்கு வீடு சாவு, ஊரடங்கு. அந்தப் பக்கம் பஸ்ஸிலும் காபிக்கடையிலும் குண்டு வெடித்துச் சாவு. இத்தனைக்கும் நடுவில் தனக்குத் தன் பழிதான் பெரிதாகப் படுகிறதே என்று ராகிப்புக்கு வெட்கமாகக்கூட இருந்தது. ஆனால் வெட்கம் வந்து போகும், பழி எண்ணம் போகவில்லை.

அதன் பிறகு சமாதானத்துக்கு வருஷத்துக்கு ஒரு சட்டை. எல்லைக்கோடு முதலில் என்று சொல்லிக்கொண்டிருந்தவர்கள், பாதுகாப்பு முதலில் என்றார்கள். நாலு பெரிய சக்திகள் சேர்ந்து படிப்படியாகப் போகலாம் என்று ஒரு பாதை வரைந்தார்கள். முதல் படியிலேயே இரண்டு தரப்பும் நீ ஏறு, நீ ஏறு என்று நின்றுவிட்டது. அரசாங்கங்கள் உருப்படாது, குடிமக்களே பேசட்டும் என்று சுவிஸ் ஏரிக்கரைகளில் கூட்டம் போட்டார்கள். வயிறு நிறைந்தால் கோபம் அடங்கும் என்று தொழிற்பேட்டைக்கு அடிக்கல் நட்டார்கள். ஒவ்வொரு சட்டையும் எல்ஹனானுக்குக் கச்சிதமாகப் பொருந்தியது. ஓய்வு பெற்று, தாடி வளர்த்து, 'மனம் மாறிய அதிகாரி' ஆகிவிட்டான். ஆக்கிரமிப்பு நம் ஆன்மாவை அரிக்கிறது என்று டிவியில் பேசினான். எங்கள் ஆட்களே, "யூதர்ல நல்லவன் ஒருத்தன் உண்டுன்னா அது இவன்தான்" என்றார்கள்.

ராகிப் அப்போது ரமல்லாவில் ஒரு பத்திரிகைக்கு ஹீப்ருச் செய்திகளை மொழிபெயர்த்துக்கொண்டிருந்தான். ஒரு வெள்ளிக்கிழமை இணைப்பில் எல்ஹனானின் பேட்டி. பெரிய படம், கடலைப் பார்த்துக்கொண்டு நிற்கிறான். 'ஒரு இளைஞனிடம் அவன் தாய் இறந்துவிட்டாள் என்று பொய் சொன்னேன். அவன் அழுதபோது எனக்குள் ஏதோ உடைந்தது. பிறகு அவனைத் தேடிப் போனேன். அவன் வீட்டு முற்றத்தில் உட்கார்ந்து காபி குடித்தோம். அவன் என்னை மன்னித்துவிட்டான்.'

ராகிப் அதை மறுபடி மறுபடி படித்தான். பிறகு அந்தப் பக்கத்தைக் கிழித்துப் பையில் வைத்துக்கொண்டு வீட்டுக்குப் போனான்.

"எங்கே தேடி வந்தான்? எந்த முற்றம்?" என்று விஸாலிடம் கத்தினான். "என் அழுகையையும் எடுத்துக்கிட்டான், இப்ப என் மன்னிப்பையும் அவனே எழுதிக்கிட்டான்!"

"பத்திரிகைக்கு எழுதிப் போடு."

"மறுப்புன்னு ஒரு மூலையில ரெண்டு வரி போடுவான். வேண்டாம். இந்தக் கதையை அவன் இனிமே போற எடமெல்லாம் சொல்லுவான். சொல்லி முடிக்கறப்ப நான் அந்த அறையில இருக்கணும்."

அதற்கு ஒரே வழிதான். பெரிய கூட்டங்களில் கண்ணாடிக் கூண்டுக்குள் உட்கார்ந்து, பேசப் பேசவே காதுக் கருவியில் மொழிபெயர்க்கிறார்களே, அந்த வேலை. ஜோர்டானில் அம்மானுக்குப் போய்ப் பயிற்சி எடுத்தான். நாற்பதை நெருங்குகிற வயசில், குரல் பிசிறாமல், ஒரு சொல் விடாமல், மூச்சு வாங்காமல் பேசப் பழகினான். ஒரு முறை ஐரோப்பாவில் ஒரு கூட்டத்துக்கு வாய்ப்பு வந்தது. எல்ஹனானின் பேர் பேச்சாளர்களில் இருந்தது. பெட்டியோடு ஜோர்டான் எல்லைப் பாலம் வரை போனான். பாதுகாப்புத் தடை என்று எல்லையில் திருப்பி அனுப்பினார்கள். பெட்டியை இழுத்துக்கொண்டு வந்தவனை மண்டிக்காரர்கள் பார்த்துவிட்டார்கள்.

"என்ன மாப்பிள்ளை, பொண்ணு வீட்டுக்காரங்க வாசலோடயே விரட்டிட்டாங்களா?"

அன்றைக்கு மட்டும் அவன் சிரிக்கவில்லை.

கடைசியில் சைப்ரஸ் தீவில், லார்னகா கடற்கரை ஹோட்டல் ஒன்றில் வாய்த்தது. மாரித் என்கிற நார்வேக்காரி நடத்தினாள். ஒல்லியான, நல்ல மனசுக்காரி. "இத்தனை வருஷம் வரைபடத்தைப் பேசித் தோத்துட்டோம். இந்தத் தடவை மனசைப் பேசுவோம்" என்று தொடக்கத்தில் சொன்னாள். எங்கள் குழுவுக்குத் தலைவர் டாக்டர் முன்திர். பழைய பேச்சுவார்த்தைக்காரர். அவர் ராகிப்பின் பக்கம் சாய்ந்து, "வரைபடத்துலதான் ஒண்ணும் கிடைக்கல, மனசுலயாவது ரெண்டு ஏக்கர் குடுக்கறாங்களா பார்ப்போம்" என்று முணுமுணுத்துவிட்டு மீனைப் பிரித்துச் சாப்பிட்டார்.

மறுநாள் காலை எல்ஹனான் பேச எழுந்தான். கூண்டில் ராகிப்போடு முறை மாற்றிப் பேசுகிறவள் நசரேத்துக்காரி ரூலா. "இவரை நான் பார்த்துக்கறேன்" என்று ராகிப் மைக்கைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டான்.

மொழிபெயர்க்கிறவன் பேசுகிறவனாகவே பேச வேண்டும், அதுதான் தொழில். எல்ஹனான் 'நான்' என்றால் இவனும் 'நான்' என்றான். "நான் அவன் தலையிலிருந்து சாக்கை எடுத்தேன். நான் அவனுக்குச் சர்க்கரை இல்லாத காபி கொடுத்தேன். உன் அம்மா இறந்துவிட்டாள் என்று நான் சொன்னேன்." குரல் நடுங்கவில்லை. எங்கள் பக்கத்தில் ஒரு அம்மாள் கைக்குட்டையை எடுத்தாள். அவர்கள் பக்கத்தில் யர்தேனா என்கிற நரைத்தலை டாக்டரம்மா கன்னத்தில் கை வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தாள். "அவன் வீட்டு முற்றத்தில் உட்கார்ந்தோம். அவன் என்னை மன்னித்துவிட்டான்." அதையும் ராகிப் ஒரு சொல் விடாமல் சொன்னான். கைதட்டல் எழுந்தது. அது அடங்கும்வரை காத்திருந்து, அரபிக்கும் ஹீப்ருவுக்கும் உரிய இரண்டு பொத்தான்களையும் அமுக்கினான்.

"இதுவரை பேசியது எல்ஹனான் ப்ரோஷ். இனி பேசப்போவது மொழிபெயர்ப்பாளர்" என்றான். "அந்தக் காபியைக் குடித்தவன் நான். என் முற்றத்துக்கு யாரும் வரவில்லை. நான் யாரையும் மன்னிக்கவில்லை."

கருவியைக் கழற்றி வைத்துவிட்டுக் கூண்டுக் கதவைத் திறந்துகொண்டு வெளியே வந்தான். அறையே திரும்பியது. மேஜைக்கு எதிரே போய் நின்று, எங்கள் ஊர் அரபியில், வேண்டுமென்றே வாலை இழுத்து, "என்னப்பாஆ கரீம், என்னைத் தெரியலையாஆ?" என்றான்.

எல்ஹனானின் உதடு வெளுத்துவிட்டது. "நீ... எந்த ஊர்?"

"ஹல்ஹூல்."

"இல்ல, இல்ல" என்று எல்ஹனான் கையை உயர்த்தினான். அவன் முகத்தில் ஒரு நிம்மதிகூட வந்தது. "நான் சொன்னது உன்னை இல்லப்பா. அது வேற பையன். சயீர்க்காரன். அவன் உண்மையாவே மன்னிச்சான்."

இதை ராகிப் எதிர்பார்க்கவில்லை. இத்தனை வருஷமாகத் தான் ஒருத்தன்தான் என்று நினைத்திருந்தான். பிறகு அவன் ஒத்திகை பார்த்து வைத்திருந்த பேச்சு அத்தனையும் உதிர்ந்துபோய், ஒரே கேள்விதான் வந்தது.

"அப்ப, எத்தனை அம்மா?"

எல்ஹனான் மேஜையிலிருந்த தாள்களை அடுக்க ஆரம்பித்தான்.

"கேக்கறேன்ல, சொல்லு. எத்தனை பேரோட அம்மாவைச் சாகடிச்சே?"

யர்தேனா ஹீப்ருவில், மெதுவாக, "எத்தனை, எல்ஹனான்?" என்றாள்.

"அது அப்ப இருந்த முறை" என்றான் அவன். "எல்லாரும் செஞ்சது. எனக்கு எப்படி எண்ணிக்கை..."

யர்தேனா காதுக் கருவியைக் கழற்றி மேஜையில் வைத்தாள். எழுந்து வெளியே போனாள். அவள் பின்னால் இன்னும் இரண்டு பேர் போனார்கள். எல்ஹனான் அவர்கள் முதுகையே பார்த்துக்கொண்டு நின்றான். ராகிப்பும் அந்த முதுகுகளைத்தான் பார்த்தான், பார்த்து ரசித்தான். அது பொய்யில்லை. தேன் மாதிரி இருந்தது என்று விஸாலிடம் பிறகு சொன்னான்.

டாக்டர் முன்திர் அவனை நடைபாதைக்குத் தள்ளிக்கொண்டு போனார். "அறிவிருக்கா உனக்கு? எட்டு வருஷ உழைப்பு! அவங்க பக்கத்துல நமக்காகப் பேச அவன் ஒருத்தன்தான்யா இருந்தான்!"

"உங்களுக்கு அவன் வேணும் டாக்டர். எனக்கும் அவன்தான் வேண்டியிருந்தது."

மாரித் மட்டும் கண்கள் பளபளக்க வந்தாள். "ராகிப், இது பெரிய திறப்பு. நாளைக்குக் காலையில நீங்க ரெண்டு பேரும் இதையே மறுபடி, ஒரு வழிநடத்துனரோட, பொறுமையா பேசினா என்ன? இதையே நாம ஒரு புது முறையா வளர்க்கலாம்."

"அவன்கிட்டயும் ஒரு முறை இருந்தது" என்றான் ராகிப். "உங்களுக்கும் ஒண்ணு வேணுமா?" பெட்டியைக் கட்டப் போய்விட்டான்.

அத்தோடு அவனுக்கு மொழிபெயர்ப்பு வேலை நின்றது. எந்தக் குழுவும் கூப்பிடவில்லை. எல்ஹனானையும் எந்த மேடையும் கூப்பிடவில்லை. யர்தேனா அதைப் பார்த்துக்கொண்டாள். செய்தி ஹல்ஹூலுக்கு வந்து சேர்ந்ததும் மண்டியில் மாப்பிள்ளை என்று கூப்பிடுவதை நிறுத்தி, 'அபூ ஹம்ஸா' என்று மகன் பேரைச் சொல்லி மரியாதையாகக் கூப்பிட ஆரம்பித்தார்கள்.

பிறகு ஆட்கள் வர ஆரம்பித்தார்கள். பெய்த் உம்மரிலிருந்து ஒருத்தர், யத்தாவிலிருந்து ஒருத்தர். நரைத்த மனிதர்கள், கூச்சத்தோடு வந்து உட்கார்ந்து, "எனக்கும் அதே காபிதான்" என்றார்கள். ஒருத்தருக்கு அம்மா, ஒருத்தருக்குத் தம்பி, ஒருத்தருக்குக் கைக்குழந்தை. சயீரிலிருந்து அதல்லாஹ் என்பவரும் வந்தார், எல்ஹனான் சொன்ன அந்த 'மன்னித்த பையன்'.

"நிஜமாவே மன்னிச்சீங்களா?" என்று விஸால் கேட்டாள்.

"வந்தான், காபி குடிச்சான், கேட்டான்" என்றார் அதல்லாஹ். "வாசல்ல ஜீப்பு, ஜீப்புல துப்பாக்கியோட பையனுங்க. மன்னிக்க முடியாதுன்னு எவன் சொல்லுவான்?"

சில வருஷம் போயிற்று. எங்களை அறைக்கு வெளியே வைத்துவிட்டு மற்ற அரபு நாடுகளோடு கைகுலுக்குவது புதுச் சட்டையாக வந்திருந்தது. ராகிப் கொடிகளைப் பார்த்துக்கொண்டு, இஸ்ரேலுக்கு வேலைக்குப் போகிறவர்களுக்கு மாலையில் ஹீப்ரு சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தான். அப்போதுதான் யர்தேனா ஃபோன் செய்தாள். எல்ஹனானுக்குக் கணையத்தில் புற்றுநோயாம். ஒரே ஒரு முறை பேச வேண்டும் என்கிறானாம். கேமரா கிடையாது, கூட்டம் கிடையாது. மன்னிப்புக் கேட்க மட்டும்.

ராகிப் தோட்டத்தில் இருந்தான். காகிதப் பை கட்டின திராட்சைக் குலை ஒன்றைப் பிடித்தபடியே நின்றான்.

"அவனுக்கு எண்ணிக்கை தெரியாதுன்னான். எனக்கு இப்பத் தெரியும்" என்றான் பிறகு. ஒவ்வொரு பேராகச் சொன்னான், ஊரோடு. யர்தேனா அந்தப் பக்கம் எழுதிக்கொள்வது கேட்டது. "இவங்க ஒவ்வொருத்தரையும் அவன் கூப்பிடட்டும். ஜீப்பு இல்லாம கேக்கட்டும். திட்டினா வாங்கிக்கட்டும், வச்சுட்டா மறுபடி கூப்பிடட்டும். எல்லாரும் முடிஞ்சப்புறம் என்கிட்ட வரட்டும். நான் கடைசி."

"அதுவரைக்கும் அவன் தாங்க மாட்டான், ராகிப்."

"தாங்கற வரைக்கும் செய்யட்டும்."

எல்ஹனான் செய்தான். அதை யாரும் எதிர்பார்க்கவில்லை. பெய்த் உம்மர்க்காரருக்கு ஒரு மத்தியானம் ஃபோன் வந்தது. குரல் நைந்திருந்ததாம், ஆனால் அதே இழுவை. அவர் வாயில் வந்ததெல்லாம் சொல்லித் தீர்த்தாராம், அந்தப் பக்கம் மூச்சுச் சத்தம் மட்டும் கேட்டுக்கொண்டே இருந்ததாம். யத்தாக்காரர் பேரைக் கேட்டதும் வைத்துவிட்டார். மறுநாள் மறுபடி வந்தது, மறுபடி வைத்தார். அதல்லாஹ், "இப்பக் கேளு, இப்பச் சொல்றேன்: முடியாது" என்று சொல்லிவிட்டு, இரண்டு நாள் கழித்துத் தானே கூப்பிட்டு, "சரி போ" என்றாராம். ஒவ்வொரு செய்தியும் ராகிப்புக்கு வந்து சேர்ந்தது. ஒவ்வொன்றையும் அவன் விஸாலிடம் சொல்லிச் சொல்லி மகிழ்ந்தான்.

"போதும்யா" என்றாள் விஸால் ஒரு நாள். "சாகப்போற மனுஷன். நீ ஒருத்தன் சரின்னு சொன்னா நிம்மதியாக் கண்ணை மூடுவான்."

"நிம்மதியா மூடக் கூடாதுன்னுதானே."

"உனக்கு என்ன கிடைக்குது இதுல?"

"அவன் தினம் காலையில எழுந்து, இன்னிக்கு யார்கிட்டத் திட்டு வாங்கணும்னு நெனைக்கறான் பாரு. அது கிடைக்குது."

விஸால் அவனை வெறித்துப் பார்த்தாள். "உன்னோட குடும்பம் நடத்தினது நான். உன் நெஞ்சுக்குள்ள குடியிருந்தது என்னவோ அவன்தான்" என்று சொல்லிவிட்டு எழுந்து போனாள். அதன் பிறகு அந்தப் பேச்சை அவள் எடுக்கவில்லை. அவன் எடுத்தாலும் கேட்கவில்லை.

கோடைத் திராட்சை முடிகிற சமயம் யர்தேனா மறுபடி கூப்பிட்டாள். எல்ஹனான் அன்று காலை இறந்துவிட்டான். கடைசி வாரத்தில்கூட மகளை விட்டு ஃபோன் எண்ணைப் போடச் சொன்னானாம், நாக்கு குழறி எதிரே இருந்தவருக்கு ஒன்றும் புரியவில்லையாம்.

"உன்கிட்ட வந்து சேரல" என்றாள் யர்தேனா. அவள் குரலில் கோபமும் இருந்தது, களைப்பும் இருந்தது.

"இல்ல. வந்து சேரல."

"இப்பவாவது ஏதாவது சொல்லணுமா, ராகிப்? அவன் மககிட்ட சொல்றேன்."

அவன் யோசித்தான். மனசுக்குள் எங்காவது இளகியிருக்கிறதா என்று தடவிப் பார்த்தான். இல்லை. பொய் சொல்ல அவனுக்கு விருப்பமில்லை.

"இன்னும் நாலு வீடு பாக்கி இருந்துச்சு" என்றான். "அதைச் சொல்லிடு."

ஃபோனைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, கூடையை இடுப்பில் ஏற்றிக்கொண்டு, அடுத்த வரிசைக்குப் போனான்.